உயிர்ப்பு வீதம்

படிவத்தில் மூன்று கட்டங்கள்:
நட்டது. உயிருடன் இருப்பது. இல்லாதது.
இல்லாததற்குக் காரணம் எழுத
அரை விரல் இடம்.

குப்பிழான் ஒழுங்கையில் ஸ்கூட்டியை நிறுத்தி
செருப்பைத் தட்டினால் செம்மண் புகை.
கமநல நிலையத்தில் பதிந்தவர்கள் நாற்பத்தொரு பேர்.
இது ஒன்பதாவது தோட்டம்,
தவயோகராசா, பரப்பு ஆறு, உறுதி உண்டு.

"ஐப்பசியில தந்த இருபத்தைஞ்சும் நிக்குதோ அண்ணை?"
"நிக்குது பிள்ளை.
நிக்கிற மாதிரி நிக்குது."

மூன்றடிக் குழி என்கிறது சுற்றறிக்கை.
இங்கே ஒன்றரை அடியில் கல்.
அதை எழுதிய கை
ஒரு நாளும் அலவாங்கு பிடித்திராது.
கல் உடைக்கிற மெசினுக்குக் குழிக்கு எழுநூறு,
கன்றுக்கு அரசாங்கம் தருவது முந்நூறு,
அதிலும் பாதி
என் கையெழுத்துக்குப் பிறகு.
"பிறகேன் அண்ணை நட்டனீங்கள்?"
அவர் தண்ணீர்க் குழாயை மற்றப் பாத்திக்கு இழுத்தார்.
இரைச்சலில் கேட்கவில்லையோ என்னவோ.

எண்ணினேன்.
மேற்கு வேலியோரமாய், ஒரே நிரையில்
வேம்பு பதினொன்று, முழங்கால் உயரம்.
கறுத்தக்கொழும்பான் ஆறு, ஒன்றில் ஆடு வாய் வைத்திருக்கிறது,
ஆனால் துளிர் இருக்கிறது, உயிர் என்றே போட்டேன்.
நாவல் ஏழு.
இருபத்து நாலு.
திரும்ப எண்ணினேன்.
இருபத்து நாலு.

வேலிக்கு அங்கால் வெங்காயப் பாத்திக்குள்
குந்தியிருந்து புல்லுப் பிடுங்கியவள் நிமிர்ந்தாள்.
புஸ்பமலர். பட்டியலில் இல்லாத பெயர்.
"இஞ்சாலையும் ஒருக்கா எட்டிப் பாருங்கோ மிஸ்.
உந்த வேம்பெல்லாம் ஐஞ்சு வருசத்தில எழும்பினா
காலமை வெயில் எனக்கில்லை.
காசு அங்காலை,
நிழல் இஞ்சாலை."

நிழலுக்குக் கட்டம் இல்லை.

"நீங்களும் பதிஞ்சிருக்கலாமே அக்கா?"
"குத்தகைக் காணிக்கு உறுதிக்கு எங்க போறது?
ரொறன்ரோவில இருக்கிறவர் போனில சொன்னவர்,
வெங்காயம் வை, மிளகாய் வை, பொயிலை வை,
மரம் மட்டும் வையாதை எண்டு.
மரம் வைச்சா
ஆள் எழும்பாதாம்."

பிறகு, குரலைத் தணித்து,
பம்பு அறைக்குப் பின்னால் கூட்டிப்போனாள்.
பிடி உடைந்த நீல வாளி.
அதற்குள் ஒரு நாவல் கன்று,
அங்கே நிற்கிற ஏழையும் விட அரைச் சாண் உயரம்.
"வாடிப்போச்செண்டு வேலியால எறிஞ்சவர்.
கழுவின தண்ணி, மிஞ்சின தண்ணி, உதுதான் ஊத்தினது."

தவயோகராசா வேலிக்கு மேலால்:
"அது என்ர கண்டு பிள்ளை.
இருபத்தைஞ்செண்டு போடுங்கோ."
அவள்:
"எறிஞ்சது எறிஞ்சதுதான்."

பேனையைப் பிடித்தபடி நின்றேன்.
உயிருடன் இருக்கிறது,
நட்டவரிடம் இல்லை.
இருக்கிற இடத்தில்
நட்டதாகவும் இல்லை.
மத்தியானத்துக்குள் இன்னும் இரண்டு தோட்டம்.
இல்லாதது: ஒன்று.
காரணம், அந்த அரை விரல் இடத்தில்,
இந்த மாவட்டத்தில் எந்தப் படிவத்துக்கும்
எழுதிப் பழகிய ஒரு சொல்:
இடம்பெயர்ந்தது.

அவள் எட்டிப் பார்த்தாள், வாசித்தாள்.
சிரித்தாளா என்று தெரியவில்லை.
"மிஸ், ஆரும் கேட்டா
வாளியிலதான் நிக்குது எண்டு சொல்லுங்கோ.
நிலத்தில வைக்கேல்லை.
இந்தா, தூக்கிக் காட்டுறன்"
என்று குனிந்து
இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்தாள்.

வாளி வரவில்லை.

ஒருக்கா அசைத்தாள்.
அடியில் முன்னமே ஓர் ஓட்டை இருந்ததாம்.
மெல்லக் கையை எடுத்து
பாவாடையில் துடைத்துக்கொண்டு
என்னைப் பார்த்தாள்.

நான் படிவத்தை மடித்தேன்.